அந்தச் சொல்லுக்கு என்ன வயசு?

கேள்வி: மகளுக்கு 26 வயது. வரன் பேச்சை எடுத்தால், "நான் அரோமாண்டிக்ம்மா, எனக்கு யார்மேலயும் காதல் வராது" என்கிறாள். எங்கள் காலத்தில் இல்லாத சொல். இன்டர்நெட்டில் எவரோ கிளப்பியதைப் பிடித்துக்கொண்டாளோ?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இன்டர்நெட்டில் வளர்ந்த சொல்தான் அம்மா, மறுக்கவில்லை. உடலுறவில் நாட்டமில்லாதவர்களுக்காக 2001-ல் டேவிட் ஜே என்ற அமெரிக்க இளைஞர் 'ஏவென்' என்ற இணையதளத்தைத் தொடங்கினார். அப்படிக் கூடியவர்கள் பேசப் பேச ஒன்று புரிந்தது: அவர்களில் சிலருக்குக் காதல் மட்டும் வருகிறது, சிலருக்கு அதுவும் வருவதில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் போதவில்லை. 'சுத்தம்' முன்னால் 'அ' போட்டு 'அசுத்தம்' என்கிறோமே, அதே வேலைதான் 'ரொமாண்டிக்'குக்கும் நடந்தது.

புதுசு என்று தள்ளினால் உங்களுக்கும் எனக்கும் உரிய சொல்லும் தப்பாது. எதிர்பாலார்மேல் நாட்டமுள்ளவரைக் குறிக்கும் 'ஹெட்டரோசெக்சுவல்' 1868 மே 6 அன்று ஹங்கேரிய எழுத்தாளர் கெர்ட்பெனி, ஜெர்மன் வழக்கறிஞர் உல்ரிக்ஸுக்கு எழுதிய கடிதத்தில்தான் முதலில் தலைகாட்டுகிறது. தன்பாலார்மேல் நாட்டமுள்ளவரைக் குறிக்கும் 'ஹோமோசெக்சுவல்' அதே கடிதத்தில் பிறந்த கூடப்பிறப்பு. கிரேக்கம் பாதி, லத்தீன் பாதி என்று ஒட்டுப்போட்டவை. கெர்ட்பெனியின் இளவயது நண்பர் ஒருவர், மிரட்டிப் பணம் பறித்தவர்கள் தொல்லை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர். ஆணும் ஆணும் சேர்வதைக் குற்றமாக்கிய பிரஷ்யச் சட்டத்தை எதிர்த்து 1869-ல் கெர்ட்பெனி பெயர் போடாமல் பிரசுரம் எழுதினார். வசவு கலக்காமல் பேச அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது.

இதில் கூத்து என்னவென்றால், 1923-ல் வெப்ஸ்டர் அகராதி 'ஹெட்டரோசெக்சுவாலிட்டி'க்குத் தந்த பொருள், எதிர்பாலார்மேல் நோய்த்தனமான இச்சை! 1934-ல்தான் அதை இயல்பு என்று திருத்தினார்கள். 1868-க்கு முன்னால் ஆணும் பெண்ணும் குடும்பம் நடத்தாமலா இருந்தார்கள்?

எங்கள் வீட்டிலும் கல்யாணமே வேண்டாம் என்று இருந்த ஓர் அத்தை உண்டு. செவ்வாய் தோஷம் என்று ஊரே முடிவுகட்டியது. ஏன் வேண்டாம் என்று அவரிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல அவருக்கு எந்தச் சொல் இருந்தது?

உங்கள் மகளிடம் கேளுங்கள். எப்போதிலிருந்து இப்படித் தோன்றுகிறது, காதல் இல்லாவிட்டாலும் துணையாக ஒருவர் வேண்டுமா, தனியாகவே இருக்க ஆசையா? இது ஆளுக்கு ஆள் மாறும், அவள் சொன்னால்தான் தெரியும். அதுவரை தரகரிடம் கொடுத்த ஜாதகத்தைத் திருப்பி வாங்கி வையுங்கள்.