நீல ஊற்றுக்கு டிக்கெட் எதற்கு?

கேள்வி: ஈசூனில் வசிக்கிறோம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் நியூசிலாந்து செல்லவிருக்கிறோம். ஆற்றோரமாக நடந்து போய்ப் பார்க்கும் ‘புளூ ஸ்பிரிங்’ ஊற்றின் படத்தைப் பார்த்ததிலிருந்து அங்கே குளிக்க வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை. வாட்ஸ்அப் குழுவில் அறிமுகமான ஒருவர், நுழைவுச்சீட்டு, குளிக்கும் அனுமதி, ஐவருக்கும் நாட்டுக்குள் நுழையும் அனுமதி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 380 வெள்ளி கேட்கிறார். பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட்டோம். நாங்கள் நால்வரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். மாமியாரிடம் இருப்பது இந்தியக் கடப்பிதழும் நீண்டகால வருகை அட்டையும். அவருக்கு முழங்கால் வலி வேறு. இந்த ஏற்பாடு சரிவருமா?

பதில்: மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்த நபர் விற்கும் மூன்றில் முதலாவது தேவையில்லாதது. இரண்டாவது உலகத்தில் இல்லாதது. மூன்றாவதை ஐவருக்கும் ஒரே மாதிரி வாங்கித்தர அவரால் மட்டுமல்ல, எவராலும் முடியாது.

முதலில் ஊற்று. நியூசிலாந்தின் வட தீவில் புத்தாருரு என்ற சிற்றூருக்கு அருகே, வைஹோ ஆற்றை ஒட்டிச் செல்கிறது ‘தே வைஹோ’ நடைபாதை. நீளம் 4.7 கிலோமீட்டர். ஒரு முனை ஒயிட்ஸ் ரோடு, மறுமுனை லெஸ்லி ரோடு. ஒரு வழி நடக்க ஒன்றரை மணி நேரம் போல ஆகும். நுழைவுச்சீட்டு கிழிக்கும் வாசல் எதுவும் அங்கே கிடையாது. வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான். ஊர் தெரிந்த ஓட்டுநர் வேனில் அழைத்துப் போய் வண்டிக்கூலி வாங்கினால் அது நியாயமான பணம். ஊற்றுக்கு ‘டிக்கெட்’ என்று வாங்கினால் அது வேறு.

குளிக்க முடியாது. செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவில் காலை நனைத்துப் பழகியவர்கள் இங்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நீல ஊற்றில் இறங்குவதற்கே தடை இருக்கிறது. படம் பரவப் பரவக் கூட்டம் பெருகி, கரையும் நீர்ச்செடிகளும் சிதைந்ததால் வந்த தடை அது. புத்தாருரு மக்கள் குடிக்கும் தண்ணீரும் இந்த ஊற்றுநீர்தான். நியூசிலாந்தில் புட்டியில் அடைத்து விற்கும் தண்ணீரில் பாதிக்கும் மேல் இங்கிருந்து போகிறது என்பார்கள். தடை இல்லாவிட்டாலும் உங்கள் மாமியார் இறங்கியிருக்க மாட்டார். கோடையானாலும் குளிரானாலும் அந்த நீர் 11 டிகிரியிலேயே இருக்கிறது.

ஆனால் பார்ப்பதற்காகவே போகலாம். மாமாக்கு மேட்டுநிலத்தில் பெய்த மழை, பாறைகளுக்குள் ஊறி இறங்கி 50 முதல் 100 ஆண்டுகள் கழித்து இங்கே வெளிவருகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 கன மீட்டர், அதாவது 42,000 லிட்டர். அத்தனை காலம் வடிகட்டி வந்ததால் நீரில் மிதக்கும் தூசு அநேகமாக இல்லை. தூய நீர் வெளிச்சத்திலுள்ள சிவப்பை விழுங்கிவிடுகிறது, மீதமிருக்கும் நீலமும் பச்சையும் நம் கண்ணுக்கு வருகின்றன. கரையிலிருந்து பார்த்தால் அடியில் நீள நீளமான பாசிக்கொடிகள் நீரோட்டத்தின் பக்கமே சாய்ந்து மெல்ல அசைவது இழை இழையாகத் தெரியும். ஆழம் முழங்கால் அளவுதான் என்று தோன்றும். அது கண்ணை ஏமாற்றும் தெளிவு, ஆகவே பிள்ளைகளின் கையை விடாதீர்கள். அந்தப் பகுதியின் மாவோரி மக்களான ரவுக்காவா இனத்தாருக்கு இந்த நீர் பெரும் மதிப்புக்குரியது. தீர்த்தம்போல் ஒரு புட்டியில் பிடித்து வரலாமா என்று மாமியார் கேட்கக்கூடும். வேண்டாம் என்று அன்போடு சொல்லிவிடுங்கள். அங்கே ஓடும் நீர் ஊரார் குடிக்கும் நீர். கைபடாமல் இருப்பதே அதற்கு நாம் செய்யும் மரியாதை.

முழங்கால் வலி உள்ளவருக்கு 4.7 கிலோமீட்டர் போய் அதே தூரம் திரும்புவது முடியாத காரியம். லெஸ்லி ரோடு முனை ஊற்றுக்கு அருகில் இருக்கிறது, அங்கிருந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். பாதை முழுக்கச் சமதரை என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்ற இறக்கமும் படிகளும் உண்டு, சக்கர நாற்காலியை நம்பிப் போக வேண்டாம். பாதையின் ஏதாவது ஒரு பகுதியைப் பராமரிப்புக்காக மூடிவைப்பதும் உண்டு. புறப்படுவதற்கு முந்தைய நாள் தென் வைகாட்டோ மாவட்ட மன்றத்தின் இணையப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். வாசல்வரை போகும் பொதுப் பேருந்து கிடையாது. ஒரு நாட்டின் விளம்பரப் படங்களிலெல்லாம் இடம்பெறும் ஊற்றுக்கு ஒரு பஸ் விடக்கூடவா மனம் இல்லை என்று எனக்குக் கோபம் வரும். காரில்தான் போக வேண்டும். ரொட்டோருவாவிலிருந்து முக்கால் மணி நேரம், ஆக்லாந்திலிருந்து இரண்டரை மணி நேரம்.

இனி, என்னைக் கவலைப்படவைத்த பகுதிக்கு வருகிறேன். நீங்கள் ஊற்றைப் பற்றிக் கேட்கிறீர்கள், நான் மாமியாரின் விசாவைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருக்கும் உங்கள் நால்வருக்கும் விசா தேவையில்லை. என்இசட்இடிஏ என்ற மின்னணு அனுமதி போதும். நியூசிலாந்து அரசின் செயலியில் எடுத்தால் ஆளுக்கு 17 நியூசிலாந்து வெள்ளி, இணையத்தளத்தில் 23. அத்துடன் சுற்றுப்பயணிகளுக்கான வரி 100. இது 2024 அக்டோபரில் 35-இலிருந்து 100 ஆனது. செயலி வழியாக என்றால் ஆளுக்கு 117, நால்வருக்கும் 468. அவர்களுடைய வெள்ளி நம் வெள்ளியைவிட மதிப்புக் குறைந்தது என்பதையும் கணக்கில் வையுங்கள். கைத்தொலைபேசியில் கடப்பிதழைப் படமெடுத்து, முகத்தைப் படமெடுத்துப் பணம் கட்டினால் வேலை முடிந்தது. பதில் வர 72 மணி நேரம்வரை ஆகலாம். இதற்கு இடையில் ஓர் ஆள் எதற்கு?

மாமியாருக்கு அது பொருந்தாது. இந்த ஒன்றை நான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்ப விழும் குழி இதுதான். சிங்கப்பூரில் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பது கணக்கில்லை. நிரந்தரவாசியா, நீண்டகால வருகை அட்டையா, வேலை அனுமதியா என்பதும் கணக்கில்லை. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் குடிமக்கள் என்பதும் கணக்கில்லை. நியூசிலாந்து பார்ப்பது கையிலுள்ள கடப்பிதழ் எந்த நாட்டுடையது என்பதை மட்டுமே. இந்தியக் கடப்பிதழ் என்றால் வருகையாளர் விசா வாங்கியாக வேண்டும். நீல நிற நிரந்தரவாசி அட்டையைக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். நுழைய முடியாதவரை விமான நிறுவனம் ஏற்றாது. சாங்கி விமான நிலையத்தின் பதிவு மேடையிலேயே பயணம் முடிந்துவிடும். பிள்ளைகளின் கண்முன்னால் பாட்டி வீடு திரும்பும்படி ஆகலாமா?

அந்த விண்ணப்பத்தை நினைத்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. ஒரே குடும்பம், ஒரே விமானம். நால்வருக்குச் செயலியில் சில நிமிட வேலை. ஐந்தாமவருக்கு வங்கிக் கணக்கு விவரம், பயணத் திட்டம், திரும்பி வருவார் என்பதற்குச் சான்று, உறவை நிரூபிக்கும் தாள்கள். தமிழில் உள்ள பழைய சான்றிதழ் என்றால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு. வயதான ஒரு தாய், பேரப்பிள்ளைகளோடு ஆறு பார்க்கப் போவதற்கு இவ்வளவு! ஆனால் விதி அதுதான், ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள். டிசம்பர் அவர்களுக்குக் கோடை, விண்ணப்பங்கள் குவியும் காலம். விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை வாங்காதீர்கள். நியூசிலாந்தை விட்டுப் புறப்படும் நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதம் கடப்பிதழ் செல்லுபடியாக வேண்டும். நீண்டகால வருகை அட்டையின் காலாவதித் தேதியையும் பாருங்கள். பயணத்தின் நடுவே அது முடிந்தால் திரும்பி வரும்போது இங்கே சிக்கல். மலிவாக இருக்கிறதென்று ஆஸ்திரேலியா வழியாக டிக்கெட் எடுக்காதீர்கள். அங்கே விமானம் மாறுவதற்கே இந்தியக் கடப்பிதழுக்குத் தனி விசா வேண்டும். ஆக்லாந்துக்கு நேரடி விமானம் இருக்கிறது.

இடைத்தரகர்களுக்கு வருவோம். நீங்கள் சந்தித்தவர் ஒரு வகை. இன்னொரு வகையினர் இணையத்தில் இருக்கிறார்கள். நியூசிலாந்து அனுமதி என்று தேடினால் முதலில் வந்து நிற்பது பல நேரங்களில் விளம்பரம். பறவைச் சின்னம், மலைப் படம், அரசுத்தளம் போன்ற தோற்றம். அதே படிவத்தை நீங்கள் நிரப்ப, இரண்டு மூன்று மடங்கு பணத்தை வாங்கிக்கொண்டு, அவர்கள் அதை அரசுத்தளத்தில் தட்டிவிடுவார்கள். முகவரியின் முடிவில் ‘ஜிஓவிடி.என்இசட்’ என்று இருந்தால் மட்டுமே பணம் கட்டுங்கள். காசு வாங்கிக்கொண்டு போலிகளை மேலே தூக்கிவைக்கும் தேடுபொறிகளை எந்த அரசும் தட்டிக்கேட்கக் காணோம். எச்சரிக்கை அறிவிப்பு ஒன்றை எழுதிப்போட்டுவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள்.

பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் விற்பவர்கள் மூன்றாவது வகை. சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருக்கிறது, நியூசிலாந்தில் அதைக் காட்டியே ஓட்டலாம். கார் வாடகை நிறுவனம் பன்னாட்டு உரிமம் கேட்டால் இங்குள்ள ஆட்டோமொபைல் சங்கத்தில் வாங்குங்கள். இணையத்தில் வேறு எவரோ அச்சடித்து அனுப்பும் புத்தகத்துக்கு மதிப்பில்லை. அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் நம்மவர்களுக்குத் தைரியம் அதிகம். ஆனால் இரவு விமானத்தில் போய் இறங்கிய காலையிலேயே காரை எடுக்காதீர்கள். டிசம்பரில் அங்கே காலை ஒன்பது என்றால் நம் உடம்புக்கு விடியற்காலை நான்கு. இருபுறமும் வண்டி வரும் ஒற்றைத்தடச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகம் அனுமதி. அரைத்தூக்கத்தில் ஓட்டும் சாலை அல்ல அது.

பெட்டியைக் கட்டும்போது மாமியாரின் பையை நீங்களே பாருங்கள். தேனும் பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். ஊறுகாய், முறுக்கு, பருப்புப்பொடி எதுவானாலும் பயணி உறுதிமொழிப் படிவத்தில் ‘உண்டு’ என்று குறித்துவிடுங்கள். அந்தப் படிவம் இலவசம், அதற்கும் பணம் கேட்கும் தளங்கள் இருக்கின்றன. சொல்லிவிட்டுக் கொண்டுபோனால் அதிகபட்சம் வாங்கித் தூக்கிப்போடுவார்கள். சொல்லாமல் கொண்டுபோனால் அங்கேயே 400 நியூசிலாந்து வெள்ளி அபராதம். மண் ஒட்டிய நடைக்காலணியும் இதில் சேரும். தேய்த்துக் கழுவிக் காயவைத்து எடுத்துப்போங்கள். 2023-இல் வைகாட்டோ ஆற்றில் வெளிநாட்டுச் சிப்பி ஒன்று பரவியிருப்பதைக் கண்டதிலிருந்து ஆறு, ஏரி விஷயத்தில் அவர்கள் இன்னும் கண்டிப்பாக இருக்கிறார்கள். அந்தக் கண்டிப்பு எனக்கு முழுச் சம்மதம்.

கொடுத்த முன்பணத்துக்கு இப்போது செய்ய வேண்டியது இது. அந்த நபரிடம் பயண முகவர் உரிம எண்ணைக் கேளுங்கள். சிங்கப்பூரில் சுற்றுலா விற்க உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது, பெயரைத் தட்டிப் பார்க்கலாம். எண் தர மறுத்தால், அல்லது பட்டியலில் இல்லாவிட்டால், பணத்தைத் திருப்பித் தரும்படி வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். தொலைபேசியில் பேசிக் கரையாதீர்கள். உரையாடலை அழிக்காமல் படமெடுத்து வையுங்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால் இன்றைக்கே வங்கியை அழைத்து அந்தக் கட்டணத்தை மறுக்கிறீர்கள் என்று பதிவுசெய்யுங்கள். பேநவ் வழியாக அனுப்பியிருந்தால் வங்கிக்கும் தெரிவித்துவிட்டு, போலிஸில் புகார் கொடுங்கள். பயனீட்டாளர் சங்கத்தையும் நாடலாம். முக்கியமாக, ஐவரின் கடப்பிதழ்ப் படங்களையும் அவருக்கு அனுப்பியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அனுப்பியிருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள்.