ட்ரோன் சான்றிதழ் வாங்கினால் ராணுவ ட்ரோன் இயக்க முடியுமா?

கேள்வி: என் மகன் பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறான். வயது 22. துப்பாக்கி கேம் விளையாடுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. நாங்கள் அரக்கோணம் பக்கம். கடற்படைத் தளத்தில் இருக்கும் ஆளில்லா விமானத்தைப் பற்றிப் பேப்பரில் படித்ததிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு. ஒரு பயிற்சி நிறுவனத்தில், “எங்கள் சான்றிதழ் இருந்தால் ராணுவ ட்ரோன் இயக்கப் போய்விடலாம்” என்று சொல்லிப் பணம் கட்டச் சொல்கிறார்கள். ஏசி ரூம் வேலை, ஆபத்தே இல்லை என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: அம்மா, ராணுவ வேலைக்காக என்றால் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

அவர்கள் தருவது ரிமோட் பைலட் சான்றிதழ். 2021-ல் வந்த ட்ரோன் விதிகளின்படி, 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு தேறிய யாரும், அனுமதி பெற்ற பயிற்சி மையத்தில் படித்து அதை வாங்கலாம். வயலுக்கு மருந்து தெளிக்கவும் நிலம் அளக்கவும் அது நல்ல சான்றிதழ்தான். ஆனால் அதே விதிகள், முப்படைகளின் ட்ரோன்களுக்கு இவை பொருந்தாது என்றும் சொல்கின்றன. படைகள் தங்கள் ஆட்களைத் தாங்களே தேர்ந்தெடுத்து, தாங்களே பயிற்சி கொடுக்கின்றன. அந்த நிறுவனம் உங்களிடம் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

உங்கள் மகனுக்கு நேரான வழி விமானப்படையில் இருக்கிறது. 2022-ல் ‘வெப்பன் சிஸ்டம்ஸ்’ என்று ஒரு தனிப் பிரிவையே அறிவித்தார்கள். ஏவுகணைகளை இயக்குபவர்கள், ஆளில்லா விமானங்களை இயக்குபவர்கள் எல்லாரும் அதற்குள் வருகிறார்கள். இதற்கென்று ஒரு பள்ளி 2024 ஜூலையில் ஹைதராபாத் பேகம்பேட்டில் தொடங்கப்பட்டது. விமானப்படை அதிகாரிகளுக்கான பொது நுழைவுத் தேர்வான ஏஎஃப்கேட் எழுதி, எஸ்.எஸ்.பி. என்ற தேர்வு வாரியத்தின் நேர்முகம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் தாண்ட வேண்டும். ப்ளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்த பட்டதாரிகளுக்கு இடமுண்டு. மதிப்பெண், வயது வரம்பை மட்டும் அந்தந்த அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தரைப்படையில் இப்போது காலாட்படை பட்டாலியன்களிலேயே ‘அஷ்னி’ என்ற ட்ரோன் குழுக்கள் இருக்கின்றன. அங்கே முதலில் சிப்பாய், அப்புறம்தான் ட்ரோன்.

சரி, கேம் திறமை? கொஞ்சம் உதவும். உக்ரைனில் ட்ரோன் கேமராவின் படத்தைக் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சின்ன ட்ரோன்களை ஓட்டுபவர்களுக்கு விரல் வேகம் உயிர்நாடி. அவர்களும் சிமுலேட்டரில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் பெரிய ஆளில்லா விமானங்களில் கதை வேறு. அமெரிக்காவின் நெவாடாவில் உட்கார்ந்து ஆப்கானிஸ்தானுக்கு மேலே விமானத்தை ஓட்டியபோது, கட்டளை சேட்டிலைட் வழியாகப் போய்வர ஒரு நொடிக்கு மேல் ஆனது. அதனால் ஏற்றுவதையும் இறக்குவதையும் களத்துக்குப் பக்கத்தில் இருந்த வேறொரு குழு செய்தது. நடுவில் பல மணி நேரம் இருப்பது ஒரே வேலை: பார்ப்பது.

அந்தப் பார்வையில்தான் தகுதி இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ட்ரோன் படங்களைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கும் என் வகுப்பில், உடல் சூட்டை வைத்து எடுக்கும் ஒரு வெப்பப் படத்தைக் காட்டுவேன். சாம்பல் நிறத் தரை, வெள்ளையாக ஓர் ஆள், தோளில் நீளமாக ஏதோ ஒன்று. “என்ன தெரிகிறது?” என்று கேட்டால் பாதிப் பேர் “துப்பாக்கி” என்பார்கள். அது மண்வெட்டி. “நீளமான பொருள், என்னவென்று தெரியவில்லை” என்று சொல்பவர் வகுப்புக்கு ஒருவரோ இருவரோ தேறுவார்கள். நான் தேடுவது அவர்களைத்தான்.

ஏன் என்பதற்கு ஒரு சம்பவம். 2010 பிப்ரவரி 21, ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணம். விடியும் முன்பே 3 வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. மேலே ‘பிரிடேட்டர்’ என்ற அமெரிக்க ஆளில்லா விமானம். அதை இயக்கியவர்கள் நெவாடாவில். அதே படத்தை புளோரிடாவில் இருந்த ஆய்வாளர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை இருப்பதுபோல் தெரிகிறது என்று அங்கிருந்து வந்த தகவல், கைமாறிப் போகும்போது ‘பதின்வயதினர்’ ஆகிவிட்டது. வண்டிகளைத் தாக்கியவை அமெரிக்க ஹெலிகாப்டர்கள். பொதுமக்களில் 23 பேர் வரை இறந்தார்கள். ட்ரோன் குழு அனுப்பிய தகவல்கள் துல்லியமும் தொழில்நேர்த்தியும் இல்லாதவை என்று விசாரணை அறிக்கை எழுதியது. கவனியுங்கள் அம்மா, அவர்களுக்கு விமானம் ஓட்டத் தெரியாமல் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லாததுதான் பிழை.

அப்படியானால் விமானியாக இருந்தவர்தான் இயக்க வேண்டுமா? அமெரிக்காவில் இது நெடுநாள் விவாதம். அவர்களுடைய விமானப்படை, விமானி இருக்கையில் அதிகாரிகளைத்தான் உட்காரவைத்தது. தரைப்படையோ, தானாகவே இறங்கும் ‘கிரே ஈகிள்’ விமானங்களை அதிகாரியல்லாத வீரர்களிடம் கொடுத்தது. பிறகு விமானப்படையும் இறங்கிவந்து, ஆயுதமில்லாத ‘குளோபல் ஹாக்’ கண்காணிப்பு விமானத்தை அதிகாரியல்லாத வீரர்களுக்குத் திறந்துவிட்டது. என்னைக் கேட்டால் தோளில் இருக்கும் பட்டை முக்கியமில்லை. ஆயுதம் ஏந்திய ட்ரோன் என்றால் இயக்குபவர் சீருடையில் இருக்க வேண்டும், கட்டளைச் சங்கிலிக்குள் இருக்க வேண்டும், போர்ச் சட்டம் படித்திருக்க வேண்டும், மேலதிகாரி அவசரப்படுத்தும்போது “சார், உறுதியாகத் தெரியவில்லை” என்று சொல்லும் நெஞ்சுரம் வேண்டும். தனியார் நிறுவனம் சம்பளம் கொடுத்து இந்த வேலைக்குக் கூப்பிட்டால் போகவே கூடாது. சண்டையில் நேரடியாக இறங்கும் குடிமகனுக்கு, சட்டம் குடிமக்களுக்குத் தரும் பாதுகாப்பு அந்த நேரத்தில் இல்லை. பிடிபட்டால் போர்க்கைதிக்கான உரிமை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

‘ஆபத்தே இல்லை’ என்ற பேச்சை நம்பாதீர்கள். உயிருக்கு ஆபத்து குறைவு, உண்மை. ஆனால் போர் விமானி குண்டைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். ட்ரோன் குழுவோ ஒரு வீட்டை நாள்கணக்கில் பார்க்கும். யார் தண்ணீர் எடுக்கிறார்கள், எந்தக் குழந்தை எப்போது விளையாட வரும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். தாக்கிய பிறகும் அங்கேயே சுற்றி, மிச்சத்தையும் பார்க்க வேண்டும். ஷிப்ட் முடிந்து அன்று மாலையே வீட்டில் சாப்பிட உட்கார வேண்டும். இதைத் தாங்க முடியாமல் வேலையை விட்டவர்கள் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்கள். மகனிடம் இதை மறைக்காமல் பேசுங்கள்.

அப்புறம் ஒரு சின்னப் பயிற்சி. ஒரு மணி நேரம் மொட்டைமாடியில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணில் பட்டதை மட்டும் எழுதட்டும். “மளிகைக் கடைக்குப் போனார்” என்று எழுதினால், உள்ளே நுழைந்ததைப் பார்த்தாயா, தெருமுனை திரும்பியதை மட்டும் பார்த்தாயா என்று கேளுங்கள். ஒரு மாதம் இதைச் சலிக்காமல் செய்தான் என்றால் ஏஎஃப்கேட் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். அறிவிப்பு வழக்கமாக வருடத்துக்கு இரண்டு முறை வரும்.