மாணவர்கள் சொந்த செல்போன், டேப்லெட்டைப் பள்ளிக்குக் கொண்டுவர அனுமதிக்கலாமா?

வந்தவாசி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். எங்களைப் போன்ற பள்ளிகளைப் பற்றிக் கேட்டால், வேண்டாம் என்பேன். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயத்தில் சொல்லவில்லை. அவர்கள் கொண்டுவரும் போன் அவர்களுடையதே இல்லை, அதனால் சொல்கிறேன்.

முன்பு நானும் கொண்டுவரட்டும் என்று சொன்னவன்தான். 2019ல் வந்த புதிய பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பகுதி உண்டு. கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் ஜியோஜீப்ரா என்ற கணக்குச் செயலி திறக்கும். நேர்க்கோட்டின் சாய்வை நான் கரும்பலகையில் பத்துக் கோடு போட்டு விளக்கினாலும் பாதிப் பேருக்குப் பிடிபடாது. திரையில் சாய்வின் அளவை மாற்றும் சின்னப் புள்ளியை விரலால் தள்ளும்போது, சாய்வு கூடக் கூடக் கோடு நிமிர்கிறது. பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதும் மறுபக்கம் சாய்கிறது. அதைப் பிள்ளை தன் கையால் செய்து பார்க்க வேண்டும். 38 பேருக்கு என் ஒரு போன் எப்படிப் போதும்?

கொரோனாவால் மூடியிருந்த பள்ளி 2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பு முதல் திறந்த பிறகு, தலைமை ஆசிரியரிடம் கேட்டு, பெற்றோர் கையெழுத்து வாங்கி, ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் போன் கொண்டுவரச் சொன்னேன். 17 பேர் கொண்டுவந்தார்கள். முதல் பீரியட் பாதி "சார், நெட் பேக் முடிஞ்சிருச்சு", "சார், சார்ஜ் இல்ல" என்பதிலேயே போனது. வகுப்பில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயின்ட்.

அதுகூடப் பரவாயில்லை. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், திரை உடைந்து செல்லோடேப் ஒட்டிய போன் வைத்திருந்தாள். அது அடித்தது. பதறிப்போய் கட் செய்தாள். மறுபடியும் அடித்தது, மறுபடியும் கட் செய்தாள். மூன்றாவது முறை நானே எடுத்துப் பேசச் சொன்னேன். பேசிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பாவோட மேஸ்திரி சார். நாளைக்குக் கான்கிரீட் வேலையாம். போன் எடுக்கலன்னு வேற ஆளுக்குச் சொல்லிட்டாராம்."

அவள் அப்பா சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். வீட்டுக்கு ஒரே போன். சிலிண்டர் பதிவு, ரேஷன் கடை மெசேஜ், மகளிர் குழுத் தவணை எல்லாம் அதில்தான். என்னுடைய 80 நிமிஷ வகுப்புக்காக ஒரு நாள் கூலி போய்விட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் வருத்தம் தெரிவித்தேன். "படிப்புக்குத்தான சார் குடுத்தேன், விடுங்க" என்றார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

போன் கொண்டுவராத 21 பேரையும் சொல்ல வேண்டும். மறந்துவிட்டேன் என்று சொன்ன ஒரு பையன் பக்கத்துப் பையனின் திரையைக் கடைசிவரை எட்டிப் பார்க்கவே இல்லை, வரைபடத் தாளில் ஏதோ வரைந்துகொண்டே இருந்தான். அவன் வீட்டில் இருப்பது பட்டன் போன் என்று பிறகுதான் தெரிந்தது.

சிங்கப்பூரில் நடக்கிறதே என்று கேட்பார்கள். நடக்கிறது. 2021க்குள் அங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கருவி வந்துவிட்டது. பிள்ளைகளின் படிப்புக்காக அரசு பணம் போடும் எடுசேவ் என்ற கணக்கிலிருந்து வாங்கலாம், வருமானம் குறைந்த வீட்டுக்கு அரசு மானியம் தருகிறது. என்ன திறக்கலாம், எது கூடாது என்பதைப் பள்ளி கட்டுப்படுத்தும் மென்பொருளும் அதில் உண்டு. அந்தக் கருவி உண்மையிலேயே அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். இங்கே 2011ல் தொடங்கிய இலவச மடிக்கணினியும் அப்படித்தான் இருந்தது, ஆனால் அது மேல்நிலை, கல்லூரி மாணவர்களுக்கு. என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது முன்னாள் மாணவர்களிடம் கேட்டு வாங்கிய 5 பழைய போன்கள் பள்ளி பீரோவில் இருக்கின்றன. சிம் கிடையாது. ஜியோஜீப்ராவை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும், அதனால் நெட் பேக் தொல்லையும் இல்லை, நடுவில் யாரும் கூப்பிடப்போவதும் இல்லை. ஏழெட்டுப் பேருக்கு ஒரு போன். கோடு எந்தப் பக்கம் போகும் என்று முதலில் நோட்டில் எழுத வேண்டும், அப்புறம்தான் புள்ளியைத் தொட வேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் வகுப்பில் நடக்கும் சண்டை இருக்கிறதே, கணக்குக்காகப் பிள்ளைகள் அப்படிச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. இன்னும் ஐந்து போன் கிடைத்தால் நாலு பேருக்கு ஒன்று வரும். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நகரத்தில் வசதியான பள்ளிகளின் நிலைமை வேறாக இருக்கலாம், அதை அங்கே இருப்பவர்கள் சொல்லட்டும். நீங்கள் எங்களைப் போன்ற பள்ளியில் ஆசிரியராக இருந்தால், அனுமதிக் கடிதம் அனுப்பும் முன்னால் வீட்டில் எத்தனை போன், பகலில் அது யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். வகுப்பில் கை தூக்கச் சொல்லாதீர்கள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்துத் தரச் சொல்லுங்கள்.