கணினி கேள்வி-பதில்: கில் கொடுத்தும் போகாத ப்ராசஸ்

ரப்பர் ஷீட் கடைக் கணக்கை உபுண்டு (லினக்ஸ்) கணினியிலிருந்து யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்தபோது பாதியில் நின்றுவிட்டது. கட்டாயமாக நிறுத்தும் ‘கில் -9’ கட்டளை கொடுத்தும் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அப்படியே இருக்கிறது. ஏன்?
- வாசகர், குலசேகரம்

டெர்மினலில் ‘பிஎஸ் ஆக்ஸ்’ (ps aux) அடித்து, ‘ஸ்டாட்’ என்ற பத்தியைப் பாருங்கள். டிஸ்க் என்பதன் முதல் எழுத்தான ‘டி’ அங்கே இருந்தால், அந்த ப்ராசஸ் சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்குள் டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்து நிற்கிறது. அந்தக் காத்திருப்பு முடிந்தால்தான் ‘கில் -9’ அனுப்பும் 9-ஆம் சிக்னல் வேலை செய்யும். எத்தனை தடவை அடித்தாலும் பலன் ஒன்றுதான். ஆனால் ‘டி’யைப் பார்த்ததுமே பதற வேண்டாம், மெதுவான டிஸ்க்கில் எழுதும்போது அது வந்து வந்து போகும். ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்தும் மாறாமல், டிஸ்க்கின் விளக்கும் மினுக்காமல் இருந்தால் கேபிளைக் கழற்றுங்கள். பெரும்பாலும் எழுதுவதில் பிழை என்று திரும்பி, ப்ராசஸ் தானே ஒழியும். பாதியில் நின்ற காப்பியை நம்பாதீர்கள். டிஸ்க்கில் பிழை பார்க்கும் ‘எஃப்எஸ்சிகே’ (fsck) கட்டளையால் சோதித்த பிறகு முதலிலிருந்து காப்பி செய்யுங்கள். கழற்றியும் போகவில்லையென்றால் ரீஸ்டார்ட்தான் வழி.

‘இசட்’ என்று இருந்தால் கதை வேறு. அது ஏற்கெனவே செத்த ப்ராசஸ், பட்டியலில் பெயர் மட்டும் மிச்சம். அதைத் தொடங்கிய தாய் ப்ராசஸை நிறுத்தினால் பெயரும் போய்விடும்.

இன்னொன்று, எடுத்ததுமே 9 வேண்டாம். எண் போடாத வெறும் ‘கில்’ 15-ஆம் சிக்னலை அனுப்பும். புரோகிராம் ஃபைலைச் சேமித்து மூட அவகாசம் கிடைக்கும். பத்து விநாடி பார்த்துவிட்டு 9-க்குப் போங்கள். 9 அந்த அவகாசத்தைத் தராது. லிப்ரெஆபிஸை அப்படி நிறுத்தினால், ஃபைல் திறந்திருப்பதைக் குறிக்கும் லாக் ஃபைல் கிடந்து, அடுத்த முறை திறக்கும்போது சில சமயம் ‘இன்னொருவர் பயன்படுத்துகிறார்’ என்று தொல்லை செய்யும்.

ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் சிக்கிக்கொண்டால் ‘டாஸ்க்கில்’ கட்டளையால் ஸ்பூலரை (பிரின்ட் வரிசையைக் கவனிக்கும் புரோகிராம்) கொல்கிறேன். உடனே திரும்ப வருகிறது!
- வாசகி, மார்த்தாண்டம்

அது விண்டோஸின் சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் புரோகிராம், கொன்றால் விண்டோஸே மறுபடி தொடங்கிவிடும். சிக்கிய பிரின்டும் ஃபோல்டரிலேயே கிடப்பதால் மறுபடி சிக்கும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘நெட் ஸ்டாப் ஸ்பூலர்’ கொடுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் என்று போய், உள்ளிருக்கும் ஃபைல்களை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை விட்டுவிடுங்கள். பிறகு ‘நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்’. வரிசையில் நின்ற மற்றவர்களின் பிரின்டும் அழிந்திருக்கும், திரும்பக் கொடுக்க வேண்டியதுதான்.