ரயிலடியில் ஒரு கோட்டை: பெர்க்கம்ஸ்டெட் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: லண்டன் யூஸ்டனிலிருந்து வடக்கே போகும் ரயிலில், பெர்க்கம்ஸ்டெட் வந்ததும் பாதையை ஒட்டியே கோட்டை தெரிகிறதே, எப்படி?

பதில்: கோட்டை இருந்த இடத்துக்கு ரயில் வந்து சேர்ந்தது. லண்டன்–பர்மிங்காம் பாதைக்கான 1833-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே கோட்டைக்குப் பாதுகாப்பு எழுதிச் சேர்த்தார்கள். ரயில் வேலையிலிருந்து பிரிட்டனில் சட்டக்காப்பு பெற்ற முதல் கட்டடம் இது. அப்படியும் முழுசாகத் தப்பவில்லை. தண்டவாளத்துக்குப் போட்ட மண்கரை கோட்டையின் வெளிவாசலை விழுங்கிவிட்டது. பயணம் சுமார் 40 நிமிடம். போகும்போது வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். காலை அலுவல் நேரம் கழிந்து கிளம்பினால் டிக்கெட் மலிவு. கோட்டைக்குள் போகக் கட்டணம் கிடையாது.

கேள்வி: அங்கே மிஞ்சியிருக்கும் கரடுமுரடான சுவர், 1066-இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம் கட்டியதா?

பதில்: பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஹேஸ்டிங்ஸ் போருக்குப் பிறகு வில்லியம் நேராக லண்டனுக்குள் நுழையவில்லை. வாலிங்ஃபோர்டில் தேம்ஸைக் கடந்து, சுற்றி வளைத்து வந்தார். ஆங்கிலப் பிரபுக்கள் பெர்க்கம்ஸ்டெட்டில் அவரிடம் பணிந்தார்கள். அதே டிசம்பர் 25-இல் முடிசூட்டிக்கொண்டார். கோட்டையின் மண்குன்று அதற்குப் பிறகு, அவருடைய தாய்வழித் தம்பி ராபர்ட் காலத்தில் எழுந்தது. கல் மதில் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

சுவர் ஏன் அப்படி இருக்கிறது? கிட்டே போய்ப் பாருங்கள். வெள்ளைத் தோல் போர்த்திய சிக்கிமுக்கிக் கற்கள். உடைந்த இடத்தில் கண்ணாடிபோல் கறுத்து மின்னும். சுண்ணாம்புச் சாந்தில் பதித்த அந்தக் கற்கள் சுவரின் உட்புறம்தான். மேலே போர்த்தியிருந்த செதுக்கிய கற்களை, 1580 வாக்கில் மேட்டில் ஒரு மாளிகை கட்ட எடுத்துப் போய்விட்டார்கள். இரட்டை அகழியைத் தவறவிடாதீர்கள். இங்கிலாந்தில் அது அபூர்வம். 1216 டிசம்பரில் பிரெஞ்சு இளவரசர் லூயியின் படை இரண்டு வாரம் முற்றுகையிட்டுத்தான் கோட்டையைப் பிடித்தது. மழைக்கு மறுநாள் குன்றின் புல் வழுக்கும், நல்ல அடிப்பாகமுள்ள காலணி வேண்டும்.

கேள்வி: ஊருக்குள் வேறென்ன பார்க்கலாம்?

பதில்: ஹை ஸ்ட்ரீட் 173-ஆம் எண் கட்டடம். முகப்பு சாதாரண விக்டோரியா காலத்துக் கடை என்பதால் பலர் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். 2000-இல் பழுதுபார்த்தபோது உள்ளே பழைய மரச்சட்டம் வெளிப்பட்டது. மர வளையங்களை எண்ணியதில், அந்த மரங்களை வெட்டியது 1277-க்கும் 1297-க்கும் இடையில் என்று தெரிந்தது. மாடி முன்னே நீட்டிய மரச்சட்டக் கட்டடங்களில், பிரிட்டனில் அறியப்பட்டவற்றுள் இதுவே பழையது.

நேரமிருந்தால் ஊருக்கு வடக்கே, மேட்டிலுள்ள பொதுநிலத்துக்கு நடந்து போங்கள். 1866-இல் பிரவுன்லோ பிரபு அதில் 5 அடி உயர இரும்பு வேலி போட்டு வளைத்தார். மார்ச் 6 இரவு, அகஸ்டஸ் ஸ்மித் என்ற நில உரிமையாளர் கூலிக்கு அமர்த்திய ஆட்கள் லண்டனிலிருந்து தனி ரயிலில் டிரிங் வந்து இறங்கி, விடிவதற்குள் வேலியைப் பிடுங்கிச் சாய்த்தார்கள். 1870-இல் வழக்கும் ஸ்மித் பக்கமே தீர்ந்தது. அந்த நிலத்தில் இன்றும் யாரும் நடக்கலாம்.