மின் கொள்திறன் மாடலுக்கு டேட்டா தயாரித்தல்: கேள்வி பதில்

2035 வரை எந்த நிலையம், எவ்வளவு மெகாவாட், எந்த வருடம் என்று கணக்கிடும் மாடல்களுக்கு டேட்டா தயாரிப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலோர் தமிழ்நாட்டு மின்கட்டமைப்பை எடுத்துக்கொண்டிருப்பதால் பதில்களும் அதை வைத்தே. பைப்சாவோ ஜென்எக்ஸோ பிளெக்சாஸோ, எந்த மென்பொருளில் ஓட்டினாலும் சிக்கல் ஒன்றுதான். ஒரு எண் கொஞ்சம் முன்பின் இருந்தால் மாடல் தாங்கிக்கொள்ளும். இரண்டு எண்கள் வேறு வேறு கடிகாரத்திலோ, வேறு வேறு ரூபாயிலோ, மீட்டரின் வேறு வேறு பக்கத்திலோ அளக்கப்பட்டிருந்தால் தாங்காது.

கேள்வி: சார், காற்றுக்கும் சூரிய ஒளிக்கும் ஈஆர்ஏ-5 டேட்டா இறக்கியிருக்கிறேன். ஐந்து மணி நேரம் தள்ளிப் போட்டால் இந்திய நேரம் வந்துவிடுமா?

வராது. ஈஆர்ஏ-5 என்ற உலக வானிலைத் தொகுப்பு கிரீன்விச் நேரத்தில் குறிக்கப்பட்டது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அந்த அரை மணியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஐந்து தள்ளினாலும் ஆறு தள்ளினாலும் சோலார் வளைவு அரை மணி பிசகிவிடும். மாலை 5.30க்கும் 6.30க்கும் நடுவில் சோலார் இறங்கும் வேகம்தான் எத்தனை மெகாவாட் பேட்டரி வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. பிசகும் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. ஈஆர்ஏ-5இல் காற்று வேகம் அந்த நொடிக்கான மதிப்பு. கதிர்வீச்சோ முந்தைய ஒரு மணி நேரம் முழுக்கச் சேர்ந்த கூட்டுத்தொகை, அதுவும் ஜூலில். 3600ஆல் வகுத்தால்தான் வாட் கிடைக்கும். 07:00 என்று குறித்த வரி உண்மையில் நம் நேரம் 11.30 முதல் 12.30 வரைக்கான கணக்கு. இரண்டையும் ஒரே மாதிரி நகர்த்தாதீர்கள். முதலில் 15 நிமிடக் கட்டங்களாக இடைக்கணித்துக்கொள்ளுங்கள். மின் தொகுப்பும் ஒரு நாளை 96 கட்டங்களாகத்தான் பிரிக்கிறது. பிறகு இந்திய மணிக்குச் சராசரி எடுங்கள்.

சரிபார்க்க எளிய வழி: வருடம் முழுவதும் சராசரி எடுத்த சோலார் வளைவை வரைந்து பாருங்கள். சென்னையில் உச்சி வெயில் சுமார் 12.10க்கும் கோவையில் சுமார் 12.20க்கும் வர வேண்டும். காலை 6.45 பக்கம் வந்தால் கிரீன்விச் நேரத்திலேயே இருக்கிறீர்கள். சென்னையில் 11.40 அல்லது 12.40 பக்கம் வந்தால் அரை மணி சறுக்கியிருக்கிறது.

கேள்வி: முப்பந்தல் காற்றாலைகளுக்கு மாடல் தரும் உற்பத்தி, நிஜத்தைவிட ரொம்பக் குறைவாக வருகிறது. பவர் கர்வ் தப்பா?

எந்தக் காற்று வேகத்துக்கு எவ்வளவு உற்பத்தி என்று சொல்லும் அந்தக் கர்வைத் தொடுவதற்கு முன் கட்டத்தின் அளவைப் பாருங்கள். ஈஆர்ஏ-5இன் ஒரு கட்டம் ஏறத்தாழ 31 கிலோமீட்டர். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் எல்லாமே மலைக்கு நடுவே இருக்கும் கணவாய்கள். தென்மேற்குப் பருவக்காற்று அங்கே நெருக்கிப் பிழியப்பட்டு வேகம் பிடிக்கிறது. மலையையும் கணவாயையும் ஒரே கட்டத்தில் போட்டுச் சராசரி எடுத்தால் அந்த வேகம் காணாமல் போகும். உலகக் காற்று வரைபடத்தில் 250 மீட்டர் நுணுக்கத்தில் நீண்டகாலச் சராசரி வேகம் கிடைக்கும். அந்த இடத்தின் சராசரியை ஈஆர்ஏ-5 சராசரியால் வகுத்து, வரும் விகிதத்தால் மணிவாரி வேகத்தைப் பெருக்குங்கள். பெருக்க வேண்டியது வேகத்தை, உற்பத்தியை அல்ல.

பழைய காற்றாலைகளைப் புதியவற்றோடு ஒரே கூடையில் போடுவது அடுத்த தவறு. தமிழ்நாட்டின் 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைத் திறனில் தொண்ணூறுகளின் 225, 250 கிலோவாட் இயந்திரங்களும் அடக்கம். அவற்றின் மைய உயரம் 30 மீட்டர் ஒட்டி. 100 மீட்டரில் வினாடிக்கு 8 மீட்டர் வீசும் காற்று, உயர விகிதத்தின் 0.14 அடுக்கில் கணக்கிட்டால், 30 மீட்டரில் 6.8ஆகக் குறைகிறது. காற்றின் ஆற்றல் வேகத்தின் முப்படி என்பதால் இழப்பு 40 சதவீதம். 'பழைய காற்றாலை', 'புதிய காற்றாலை' என்று இரண்டு வரிசையாவது வேண்டும்.

நிஜ உற்பத்தியோடு ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை: ஜூன் முதல் செப்டம்பர் வரை சில மணிகளில் காற்றாலைகளைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பள்ளங்கள் காற்று இல்லாததால் வந்தவை அல்ல. அவற்றையே வளமாகப் பதிந்தால், மாடல் குறைக்க வேண்டிய காற்றை நீங்கள் முன்கூட்டியே குறைத்துவிட்டீர்கள்.

கேள்வி: பழைய லோடு (மின்தேவை) டேட்டா நிறைய வருடங்களுக்குக் கிடைத்திருக்கிறது. எந்த வருடத்தை அடிப்படையாக எடுக்கலாம்?

2008 முதல் 2015 வரை வேண்டாம். மின்வெட்டும் தொழிற்சாலைகளுக்குக் கட்டுப்பாடும் இருந்த காலம் அது. அந்த ஃபைலில் இருப்பது கொடுத்த மின்சாரம், கேட்ட மின்சாரம் அல்ல. மாலை உச்சம் வெட்டப்பட்ட வளைவைப் பெருக்கி 2035க்குக் கொண்டுபோனால் மின்வெட்டையும் சேர்த்தே திட்டமிடுகிறீர்கள். 2020இன் ஊரடங்கு மாதங்களும் உதவாது.

நல்ல வருடத்திலும் களை எடுக்க வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா, 2018 நவம்பரில் கஜா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் தாக்கிய நாட்களில் லோடு விழுந்தது கம்பமும் கம்பியும் விழுந்ததால். அந்த நாட்களுக்கு அடுத்தடுத்த வாரங்களின் அதே கிழமையைப் போடுங்கள். பொங்கலை மட்டும் தொடாதீர்கள். கோவை, திருப்பூர் ஆலைகள் மூடிக் கிடப்பதால் வரும் அந்தச் சரிவு வருடா வருடம் வருவது. தீபாவளி ஆங்கிலத் தேதியில் நகரும் என்பதால் அதைத் தனியாக இடம் மாற்றுங்கள்.

ஃபைலைப் பெற்றதும் உச்சத்தை ஒருமுறை பாருங்கள். 2024 மே 2ஆம் தேதி மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மணிச் சராசரி என்றால் உங்கள் ஃபைலில் சற்றுக் குறைவாக இருக்கும், அது சரி. ஆயிரக்கணக்கில் குறைந்தால், எதையோ கழித்த பிறகு எழுதிய எண் அது. கூரை சோலார் தனி விஷயம். வீட்டு மீட்டருக்குப் பின்னால் உற்பத்தியாவது லோடில் குறைவாகத் தெரியும். அதைத் திரும்பக் கூட்டிவிட்டு, கூரை சோலாரைத் தனி உற்பத்தியாகக் காட்டுங்கள். இல்லாவிட்டால் 2035க்கு லோடைப் பெருக்கும்போது பகல் பள்ளமும் சேர்ந்தே பெருகும்.

கேள்வி: விவசாய பம்புசெட் லோடை எப்படிக் காட்டுவது?

தனியாகப் பிரித்தே காட்டுங்கள். மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன, பெரும்பாலும் மீட்டர் இல்லாமல். மும்முனை மின்சாரம் எந்த மணியில் வருகிறதோ அந்த மணியில் மோட்டார் ஓடும். ஆக அந்த வளைவு விவசாயியின் விருப்பமல்ல, எந்த வழித்தடத்துக்கு எப்போது மின்சாரம் என்று சொல்லும் ஃபீடர் அட்டவணை. ஒரு நாளைக்கு இத்தனை யூனிட், ஒரு மணிக்கு அதிகபட்சம் இத்தனை மெகாவாட் என்று இரண்டு வரம்பு கொடுத்து, மணியை மாடலே தேர்ந்தெடுக்க விடுங்கள். எவ்வளவு பேட்டரி தேவையில்லாமல் போகிறது என்பது அப்போதுதான் தெரியும். இதைச் செய்யாத ஆய்வுகள் மாநிலத்துக்குத் தேவையற்ற செலவைப் பரிந்துரைக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எதிர்கால ஆற்றல் தேவை ஒரு விகிதத்திலும் உச்சத் தேவை இன்னொரு விகிதத்திலும் வளர்கிறது. ஒரே எண்ணால் பெருக்கினால் ஒன்று பொருந்துகிறது, மற்றது பொருந்தவில்லை.

பெருக்கிவிட்டு, எல்லா மணிக்கும் ஒரே எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். உதாரணம்: இன்றைய சராசரி 13,000 மெகாவாட், உச்சம் 20,000. இலக்குச் சராசரி 18,000, உச்சம் 29,000. உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளி 7,000இலிருந்து 11,000ஆக வேண்டும். பெருக்கும் எண் 1.571. 13,000ஐ அதனால் பெருக்கினால் 20,429. வேண்டியது 18,000 என்பதால் ஒவ்வொரு மணியிலும் 2,429 கழியுங்கள். இரண்டு இலக்கும் பொருந்தும். கடைசியில் குறைந்தபட்ச லோடைப் பாருங்கள்: இன்று 8,000 என்றால் 10,140 பக்கம் வரும். அது நம்பும்படி இல்லாவிட்டால் உச்ச இலக்கையே சந்தேகியுங்கள். மின்வாகனம் போன்ற புதிய லோடுகளை இதில் கரைக்காமல், அவற்றுக்கே உரிய மணிவாரி வளைவோடு மேலே கூட்டுங்கள்.

கேள்வி: லோடு 2023, காற்று 2019. பரவாயில்லையா?

கூடாது. காற்றும் வெயிலும் லோடும் ஒரே வருடத்திலிருந்து வர வேண்டும். மழை நாளில் ஏசி லோடும் சோலாரும் சேர்ந்தே விழும். அந்த உறவை உடைத்தால், நடக்காத நெருக்கடிகளை மாடல் பார்க்கும், நடப்பதைப் பார்க்காது. லீப் வருடமென்றால் எல்லா வரிசையும் 8,784, அல்லது பிப்ரவரி 29ஐ எல்லாவற்றிலும் நீக்கி 8,760.

கேள்வி: வணக்கம் சார். வருடம் ஒன்றுக்கான முதலீட்டுச் செலவு பக்கத்து ஆய்வுக் குழுவோடு ஒப்பிட்டால் 60 சதவீதம் வித்தியாசம். மெகாவாட்டுக்கு விலை ஒன்றுதான்.

வட்டியில் ஒருவர் பணவீக்கத்தைச் சேர்த்திருக்கிறார், மற்றவர் நீக்கியிருக்கிறார். 10 சதவீத வட்டி, 25 வருடம் என்றால் முதலீட்டில் வருடத்துக்கு 11.0 சதவீதம் திரும்ப வேண்டும். அதே 10இலிருந்து 5 சதவீதப் பணவீக்கத்தை நீக்கினால் உண்மை வட்டி 4.76, திரும்ப வேண்டியது 6.9 சதவீதம். உங்கள் 60 சதவீதம் இதுதான். எரிபொருள் விலையை இன்றைய ரூபாயிலேயே 2035 வரை வைத்திருந்தால் வட்டியும் உண்மை வட்டியாக இருக்க வேண்டும். கலந்துவிட்டால் நிலக்கரி மலிவாகவும் சோலாரும் பேட்டரியும் விலை கூடியதாகவும் தெரியும், ஏனென்றால் அவற்றின் செலவு முழுக்க முதலீட்டில் இருக்கிறது.

சோலாரில் இன்னொரு பொறி. வெளியே 100 மெகாவாட் மாறுமின்சாரம் (ஏசி) தரும் நிலையத்தில் பலகைகள் 140 மெகாவாட் நேர்மின்சாரம் (டிசி) இருக்கலாம். உற்பத்தி விகிதத்தை ஏசி கணக்கிலும் விலையை டிசி கணக்கிலும் எடுத்தால், 40 மெகாவாட் பலகைகள் இலவசமாகிவிடும்.

கேள்வி: அனல் நிலையங்களுக்குக் கடந்த வருட பிஎல்எஃப்பை (முழுத் திறனில் எத்தனை சதவீதம் ஓடியது என்பதை) கிடைக்கும் அளவாகக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பிஎல்எஃப் 55 என்றால் 55 சதவீதம்தான் ஓட முடியும் என்று பொருளில்லை. ஓடச் சொன்னது அவ்வளவுதான். பழுது நேரத்தையும் பராமரிப்பு நேரத்தையும் மட்டும் கழியுங்கள். பராமரிப்பைக் காற்று மாதங்களில் வையுங்கள்.

ஹீட் ரேட், அதாவது ஒரு யூனிட்டுக்கு எரியும் வெப்பம், 2,400 கிலோகலோரி என்றால் செயல்திறன் 860 (ஒரு யூனிட்டுக்குச் சமமான வெப்பம்) வகுத்தல் 2,400, அதாவது 35.8 சதவீதம். கிலோவுக்கு 3,600 கிலோகலோரி நிலக்கரியில் யூனிட்டுக்கு 667 கிராம். இது மொத்த உற்பத்திக்கு. நிலையத்தின் சொந்தச் செலவு பழைய 210 மெகாவாட் அலகுகளில் எட்டு சதவீதத்தைத் தாண்டும். லோடு வெளியே அளக்கப்படுவதால் உற்பத்தியையும் வெளியே வரும் கணக்குக்கு மாற்றுங்கள்.

கேள்வி: மேட்டூர், காடம்பாறை நீர்மின் நிலையங்களை எப்படிக் காட்டுவது?

மேட்டூர் பாசனத்துக்குத் திறக்கும்போது ஓடும், மின்தேவைக்காக அல்ல. நாள்வாரி நீர் வெளியேற்றத்தை நிலையான வரிசையாகக் கொடுங்கள். காடம்பாறை 400 மெகாவாட் நீரேற்று நிலையம். சுற்றுத்திறன் 75 சதவீதம் என்று வைத்தால், ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் தனித்தனியே 0.75 கொடுக்காதீர்கள், 56 ஆகிவிடும். இரண்டிலும் 0.866.

கேள்வி: சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு வரும் மின்பாதை 6,000 மெகாவாட். அதை அப்படியே வெளிமாநில வரத்தாகக் கூட்டினேன்.

புகளூரிலிருந்து 2,000 மெகாவாட் பாதை கேரளத்தின் திருச்சூருக்குப் போகிறது. கம்பிகளின் திறனைக் கூட்டுவது எப்போதுமே தவறு. ஒரு பாதை அறுந்தாலும் மற்றவை தாங்க வேண்டும் என்பதால் அனுமதிக்கப்படும் அளவு கூட்டுத்தொகையைவிட வெகுவாகக் குறைவு. மின் தொகுப்பு வெளியிடும் இறக்குமதி வரம்பை எடுங்கள். அதேபோல் கூடங்குளத்தின் 2,000மும் தமிழ்நாட்டுக்கு அல்ல. கர்நாடகம், கேரளம், புதுச்சேரிக்கும் பங்குண்டு.

கேள்வி: 8,760 மணி ஓட்ட முடியவில்லை. 12 பிரதிநிதி நாட்கள் எடுத்தேன். மாடலைத் தீர்க்கும் சால்வரும் மெதுவாகவே ஓடுகிறது.

ஒரே மாதிரி நாட்களைக் கொத்தாகச் சேர்த்த பிறகு, கொத்தின் சராசரியை எடுக்காமல் கொத்துக்கு நடுவில் உள்ள ஒரு நிஜ நாளையே எடுங்கள். சராசரி உச்சத்தைத் தேய்த்துவிடும். அதோடு மூன்று நாட்களைக் கையால் சேருங்கள்: லோடின் உச்ச நாள், காற்றும் சோலாரும் கழித்த பிறகு தேவை மிஞ்சும் உச்ச நாள், வடகிழக்குப் பருவமழையில் வெயிலும் காற்றும் சேர்ந்து இல்லாத நவம்பர் நாள். ஒவ்வொரு நாளும் வருடத்தின் எத்தனை நாட்களுக்குப் பிரதிநிதி என்பதே அதன் எடை. எடைகளின் கூட்டு 365 வர வேண்டும். எடையிட்ட காற்று உற்பத்தி முழு வருடத்தோடு ஒரு சதவீதத்துக்குள் பொருந்தட்டும்.

சால்வர் திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அலகு. மெகாவாட்டுக்கு 4 கோடி என்பதை ரூபாயில் எழுதி, விடியற்காலை சோலார் 0.0003 என்று விட்டால், பெரிய எண்ணுக்கும் சின்ன எண்ணுக்கும் நடுவே பத்தாயிரம் கோடி மடங்குக்கு மேல். கோடி ரூபாய், கிகாவாட் என்று மாற்றி, 0.001க்குக் கீழே உள்ளதைச் சுழியாக்குங்கள்.

கேள்வி: எல்லாம் தயார். எதிர்காலத்தை ஓட்டலாமா?

முதலில் கடந்த வருடத்தை ஓட்டுங்கள், புதிதாக எதையும் கட்ட விடாமல். அனல், காற்று, சோலார், நீர், வெளிமாநிலம் ஒவ்வொன்றின் மாத உற்பத்தியையும் நிஜத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜூலையில் அனல் நிஜத்தைவிடக் குறைந்தால் காற்று அதிகமாக இருக்கிறது, அல்லது அனல் அலகுகளின் குறைந்தபட்ச ஓட்டத்தைக் கொடுக்கவில்லை. ஏப்ரல் மாலையில் லோடு நிறைவேறாமல் போனால் இறக்குமதி வரம்பையும் பழுது விகிதத்தையும் திறந்து பாருங்கள். பொருத்தத்துக்காக லோடைத் திருத்தாதீர்கள்.