இசட் புள்ளி காணாது, மூளையையும் விடமாட்டாள்

அன்புள்ள அம்மா,

போன கிழமை வெள்ளவத்தையில், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தர இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்குக் காணாது என்று நீங்கள் கண்கலங்கிப் பேசிக்கொண்டிருக்க, மகள் பெறுபேற்றுத் தாளின் பின்பக்கத்தில் ஏதோ கீறிக்கொண்டிருந்தாள். அதை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நீளமாக ஒரு கோடு. அதில் நிமிடம், மணி, நாள், கிழமை. கிழமைக்கு மேலே 'அம்மம்மா', பாரிசவாதம் வந்த உங்கள் அம்மா. பாரிசவாதத்துக்குப் பிறகு மூளைக்குள் எது எப்போது மாறுகிறது என்பதுதான் அவள் கேள்வி.

அவள் கீறியது சரிதான். பாரிசவாதம் வந்தால் மூளைக்கலத்தின் டி.என்.ஏ. அப்படியே இருக்கும், அதில் எந்தப் பரம்பரையலகு வாசிக்கப்படுகிறது என்பதுதான் மாறும். இரத்தம் தடைப்பட்டுக் கொஞ்ச நேரத்திலேயே சி-ஃபோஸ் என்ற பரம்பரையலகு விழித்துக்கொள்ளும். மணிக்கணக்கில், குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் எச்.எஸ்.பி.70 என்ற புரதம் கூடும். நாட்கள் போக, நரம்புக்கலங்களுக்குத் துணைநிற்கும் கலங்கள் ஜி.எஃப்.ஏ.பி. புரதத்தைக் குவித்துத் தழும்பு கட்டும். அப்புறம், சேதத்தின் ஓரத்தில் தப்பிய நரம்புக்கலங்கள், மூளை வளரும் பருவத்தில் மும்முரமாக இருந்த ஜி.ஏ.பி.43 போன்ற பரம்பரையலகுகளைத் திரும்ப எடுத்து, புதுக்கிளை விடப் பார்க்கும். உங்கள் அம்மாவின் பெருவிரல் மூன்றாம் கிழமை அசைந்ததற்கும் இதற்கும் நான் முடிச்சுப்போட மாட்டேன். ஆனால் மகளின் கேள்வி அங்கேதான் நிற்கிறது.

சரி, இதைப் படிக்க மருத்துவ பீடம்தான் வேண்டுமா? இல்லை. கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் உயிரியல் பக்கம் போய், மூலக்கூற்று உயிரியலைப் பிடிக்கட்டும். முதுமாணிக்கு அதே பல்கலைக்கழகத்தில் தனி நிறுவகமே இருக்கிறது. கலாநிதிப் பட்டத்துக்குப் பெரும்பாலும் வெளிநாடுதான். அதற்குப் புலமைப்பரிசில் தேடலாம். வெளிநாட்டு மருத்துவப் பட்டத்துக்காக நகையை அடகு வைக்கும் யோசனையை இப்போதைக்கு நிறுத்துங்கள்.

இரண்டு விஷயம் மகளுக்கு உறைக்கச் சொல்லுங்கள். இந்தத் தகவல்களில் பெரும்பகுதி எலிகளில் இருந்து வந்தது. எலியின் மூளையை வெட்டிப் பார்க்க மனம் வருமா? மற்றது, பாதி வேலை கணினியிலும் புள்ளிவிபரவியலிலும். உயிரியல் பிள்ளைகள் ஓடி ஒளிவது அங்கேதான்.

காசு கட்ட முன்னம் ஒன்று செய்து பார்க்கட்டும். ஜியோ என்ற அமெரிக்கத் தரவுக்களஞ்சியத்தில், பாரிசவாதம் உண்டாக்கிய எலி மூளைகளின் பரம்பரையலகுத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. புள்ளிவிபரம் பார்க்க உதவும் 'ஆர்' (R) மென்பொருளும் இலவசம். ஒரு கோப்பை இறக்கி, ஜி.எஃப்.ஏ.பி. எந்த நாளில் ஏறுகிறது என்று வரைபடம் போடட்டும். மூன்று நாளில் அலுத்துப்போனாலும் நட்டமில்லை, நேரத்தோடு தெரிந்துவிடும். அடுத்த முறை வரும்போது மடிக்கணினியோடு வரச் சொல்லுங்கள். தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.